பாடசாலை முடிந்த பிறகு: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை யார் ஏற்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது பேச்சுப் போட்டிக்காக. பாதியில் மறந்துபோய் இறங்கிவிட்டேன். அதனால் இன்றைக்குத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "அக்கா, நாற்பது வயதுக்குப் பிறகு பெண்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றிச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார். தலைப்பை மாற்றலாமா என்று கேட்டேன். "உங்கட விருப்பம், ஆனால் இருபது நிமிடத்துக்கு மேலே போகாதீங்கோ" என்றார். இரத்த அழுத்தத்தையும் சீனி வருத்தத்தையும் பற்றிச் சொல்ல இங்கேயே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவந்த விடயத்தைச் சொல்ல ஆட்கள் குறைவு.

நான் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் குழந்தை வைத்தியராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போனவர்கள், காரணம் தெரியாமலே மெதுவாகக் கற்பவர்கள். அறிவுசார் குறைபாடு என்று நாங்கள் எழுதும் பிள்ளைகள். அவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்ப்பதால், அவர்கள் பாடசாலை முடிக்கும் வயதையும் பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதும் என்னைத் தேடி வரும் தாய்மார் இருக்கிறார்கள். இங்கே கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டொக்டர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியப்போகுது. இனி அவன் என்ன செய்யிறது?"

அங்கேயும் அதே கேள்விதான் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு தாய், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் பதினேழு வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? அதற்குக் காசு எப்படிக் கட்டுவது?" என்று கேட்டார். நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கேள்வியில் விசித்திரமாக ஒன்றும் தெரியவில்லை. வைத்தியராகிய எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ப் படிக்கத் தொடங்கியதுதான் இன்று உங்களுக்குச் சொல்லப்போவது.

எங்கள் ஊரில் கல்லூரி என்றால் இந்தப் பாடசாலைதான். நான் சொல்வது பாடசாலைக்கு அடுத்த படி. அமெரிக்காவில் இன்று 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கென்று கற்கைத் திட்டங்கள் இருக்கின்றன. சில ஒரு வருடம், பல இரண்டு வருடம், சில நான்கு வருடம். பெரும்பாலும் பட்டம் கிடைக்காது, சான்றிதழ் கிடைக்கும். பாஸ்டனிலுள்ள மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் திங்க் கொலிஜ் என்ற அமைப்பு இந்தத் திட்டங்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பெற்றோர் தேடிப் பார்க்கும் வகையில் வைத்திருக்கிறது.

அங்கே என்ன படிக்கிறார்கள்? மற்ற மாணவர்களோடு சில பாடங்களில் உட்காருகிறார்கள். ஒருவருக்குச் சித்திரம், இன்னொருவருக்குச் சிறுவர் பராமரிப்பு, வேறொருவருக்கு உணவு தயாரித்தல் என்று பாடங்கள் வேறுபடும். விரிவுரையாளர் கொடுக்கும் வேலையை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறார்கள். மிச்ச நேரத்தில் தனியாகப் பஸ் ஏறுவது, காசு எண்ணுவது, வைத்தியரிடம் தன் வருத்தத்தைத் தானே சொல்வது, நேரத்துக்கு வேலைக்குப் போவது ஆகியவற்றைப் பழகுகிறார்கள். நூலகத்திலோ உணவகத்திலோ பயிற்சி வேலை செய்கிறார்கள். கூடப் படிக்கும் மாணவர்களே வழித்துணையாக இருக்கிறார்கள். எல்லாத் திட்டமும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பெயருக்கு நடப்பவையும் உண்டு. ஆனால் நல்ல திட்டத்துக்குப் போய் வந்த பிள்ளையை என் அறையில் பார்த்திருக்கிறேன். முன்பு தாயைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, என்னைப் பார்த்துப் பதில் சொல்கிறது.

சரி, காசு. இந்தப் படிப்பு இலவசம் இல்லை. அமெரிக்காவில் சாதாரணப் பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவே குடும்பத்தை உலுக்கிவிடும். அங்கு பெரும்பாலான குடும்பங்கள் மத்திய அரசின் உதவிநிதியை நம்பியிருக்கின்றன. ஆனால் 2008ஆம் ஆண்டு வரை இந்தப் பிள்ளைகளுக்கு அந்த உதவியில் ஒரு சதமும் கிடையாது. காரணம் எளிது. உதவிநிதி வேண்டுமானால் உயர்பாடசாலைச் சான்றிதழ் இருக்க வேண்டும், பட்டமோ அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழோ பெறும் கற்கையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலரிடம் முதலாவது இல்லை, அவர்கள் சேரும் கற்கை இரண்டாவதற்குள் அடங்காது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், பெற்றோர் கட்டணமும் கட்டினார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் மாணவர்கள் இல்லை.

2008 ஓகஸ்டில் அந்நாட்டின் உயர்கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தபோது அந்த இரண்டு நிபந்தனைகளையும் இவர்களுக்காகத் தளர்த்தினார்கள். பல ஆண்டுகள் பெற்றோர் சங்கங்கள் கதவைத் தட்டியதன் பலன் அது. அரசு அங்கீகரித்த கற்கைத் திட்டம் ஒன்றில் சேர்ந்தால், உயர்பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், மூன்று வகை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் மானியம். இது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 2024–25 கல்வியாண்டில் இதன் உச்ச அளவு 7,395 டொலர். இரண்டு, மிகத் தேவையுள்ளவர்களுக்கான மேலதிக மானியம். மூன்று, பல்கலைக்கழகத்திலேயே வேலை செய்து சம்பளம் பெறும் ஒழுங்கு. இந்த மூன்றாவதைத்தான் நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வேன். காசும் வரும், வேலை அனுபவமும் வரும்.

அரசுக் கடன் மட்டும் இவர்களுக்குக் கிடையாது. அது பாரபட்சம் என்று சிலர் சொல்வார்கள். படித்து முடித்ததும் பெரிய சம்பளம் நிச்சயமில்லாத பிள்ளையின் தலையில் கடனை ஏற்றாதது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதன் விளைவைச் சொல்லாமல் விடவும் முடியாது. மானியத்துக்கும் கட்டணத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தைக் குடும்பமே நிரப்ப வேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போகிறது. மற்றப் பிள்ளை தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடுகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. இங்கே இருக்கும் பல குடும்பங்களுக்கு அமெரிக்காவில் உறவினர் இருப்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா, தங்கை வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

முதலாவது, பாடசாலையே கட்டும் வழி. 1975இல் வந்த சட்டத்தின்படி அமெரிக்காவில் குறைபாடுள்ள எந்தப் பிள்ளையையும் அரச பாடசாலை திருப்பி அனுப்ப முடியாது. விசேட கல்வி பெறும் பிள்ளைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதுவரை அந்த உரிமை உண்டு. எங்கள் மாநிலத்தில் 22ஆவது பிறந்தநாள் வரை. ஆகவே பதினெட்டு வயதானதும் அவசரப்பட்டுப் பாடசாலைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியேறக்கூடாது. சான்றிதழ் வாங்கினால் அந்த உரிமை முடிந்துவிடும். வாங்காமல், பாடசாலைப் பதிவில் இருந்துகொண்டே பல்கலைக்கழக வகுப்புக்குப் போகும் திட்டங்கள் சில இடங்களில் இருக்கின்றன. அப்போது செலவில் பெரும்பங்கைக் கல்வி வட்டாரம் ஏற்கும். நம்மவர்கள் பிள்ளைக்கு மேடையில் சான்றிதழ் கொடுப்பதைப் பார்க்கும் ஆசையில் இதைத் தவறவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆசை நியாயமானதுதான். மேடையில் ஏறலாம், படம் எடுக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும் விசாரியுங்கள்.

இரண்டாவது, தொழில் மறுவாழ்வுத் திணைக்களம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்று உண்டு. குறைபாடுள்ளவர் வேலைக்குப் போவதற்குத் தேவையான பயிற்சிக்குப் பணம் கொடுப்பது அதன் கடமை. 2014இல் வந்த சட்டம், அதன் மத்திய நிதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையேனும் மாணவப் பருவத்தினருக்குச் செலவிடச் சொல்கிறது. சில மாநிலங்களில் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள், சிலவற்றில் போக்குவரத்துக்கும் வேலைப் பயிற்றுநருக்கும் மட்டும் கொடுக்கிறார்கள். கேட்காவிட்டால் எதுவும் வராது. பதினாறு வயதிலேயே பெயரைப் பதிந்துவிடுவது புத்தி.

மூன்றாவது, தனியார் புலமைப்பரிசில்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பாடசாலைக்குப் பின் படிப்பதற்கென்றே ரூபிஸ் ரெயின்போ என்ற தொண்டு அமைப்பு உதவி வழங்குகிறது. இப்படிச் சிறிதும் பெரிதுமாக வேறும் உண்டு.

நான்காவதாகச் சொல்வது ஒரு வழி அல்ல, ஒரு பொறி. அமெரிக்காவில் குறைபாடுள்ள, வருமானம் இல்லாத ஒருவருக்கு மாதாந்தம் அரசு உதவிப்பணம் கிடைக்கும். அதைப் பெறுபவரின் பெயரில் 2,000 டொலருக்கு மேல் சேமிப்பு இருக்கக்கூடாது. இந்த எல்லை 1989இலிருந்து மாறவேயில்லை. அன்றைய இரண்டாயிரமும் இன்றைய இரண்டாயிரமும் ஒன்றா? எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, மகன் பிறந்த நாளிலிருந்து அவன் பெயரிலேயே வங்கியில் போட்டுவந்தது. தாத்தா கொடுத்த பிறந்தநாள் காசு, தைப்பொங்கலுக்குக் கிடைத்த கைவிசேடம், தகப்பன் மேலதிக நேர வேலை செய்து சேர்த்த காசு என்று எல்லாம் அதில்தான். பதினெட்டு வயதில் உதவிக்கு விண்ணப்பித்தபோது, அந்தச் சேமிப்பைக் காட்டியே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "அன்பாலே செய்தது டொக்டர், அதுவே எதிரியா வந்திட்டுது" என்று அந்தத் தகப்பன் என்னிடம் சொன்னார்.

இதற்காகத்தான் 2014இல் ஏபிள் கணக்கு என்ற விசேட சேமிப்புக் கணக்கைச் சட்டமாக்கினார்கள். அதில் 100,000 டொலர்வரை இருந்தாலும் அந்த மாதாந்த உதவிக்குக் குறுக்கே வராது. கல்விக்கும் எடுக்கலாம், போக்குவரத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுக்கலாம். முதலில் 26 வயதுக்கு முன் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, 2026 ஜனவரியிலிருந்து 46 வயதாக உயர்த்தியிருக்கிறார்கள். அந்தக் குடும்பமும் பிறகு பணத்தை அங்கே மாற்றியது. ஆனால் இடையில் போன மாதங்கள் போனவைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த அரசு உதவிநிதி அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். இங்கிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையை நான் யாருக்கும் தரவில்லை. அப்படியானால் இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன்?

அந்த 2008ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யார் மாணவர் என்பதே அது. அதற்குப் பதில் மாறிய அன்றுதான் காசு வரத் தொடங்கியது. அரசிடம் அதற்கு முன்பும் காசு இருந்தது. இந்தப் பிள்ளைகள் பட்டியலில்தான் இருக்கவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பு இடாப்பு ஞாபகம் வந்தது.

என்னோடு படித்தவர்கள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். முதலாம் வகுப்பிலிருந்து எங்களோடு இருந்தாள். வாசிக்க வரவில்லை. கணக்கு வரவில்லை. அப்போது அதற்கு ஒரு பெயரும் யாரும் சொல்லவில்லை. 'மெதுவான பிள்ளை' என்றார்கள். ஆனால் ஒவ்வொரு காலையும் வகுப்பு இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவள்தான். அந்த வேலையை எங்கள் வகுப்பாசிரியர் அவளுக்குக் கொடுத்திருந்தார். மழையென்றால் இடாப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு நாளும் நனைந்ததில்லை. விசேட கல்வி பற்றி எந்தப் பயிற்சியும் பெறாத அந்த ஆசிரியர், இன்று நான் பெரிய பெரிய சொற்களில் விளக்குவதை அன்றே செய்தார்.

1995 ஐப்பசியில் இடப்பெயர்வு வந்தது. எல்லோரும் கிளம்பினோம். நான் எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் நடுப்பகுதியில் திரும்பி வந்து, உடைந்த கதிரைகளை ஒட்டவைத்துக்கொண்டு மீண்டும் வகுப்பு தொடங்கியது. வராத பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் அல்லவா! புதிய இடாப்பு எழுதினார்கள். அதில் அவள் பெயர் இல்லை. அவள் குடும்பமும் ஊருக்குத் திரும்பித்தான் இருந்தது. ஆனால் அவள் வரவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் உயிருக்கும் பயந்த காலம் அது. நானும் போய்க் கேட்கவில்லை. அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளித்தான்.

எங்கள் நாட்டில் கல்வி இலவசம். 1945இல் கன்னங்கராவின் காலத்தில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை இலவசம் என்று தொடங்கியது. அதனால்தான் நான் வைத்தியரானேன். என் அப்பாவால் ஒரு வருடக் கட்டணமும் கட்டியிருக்க முடியாது. அமெரிக்கச் சகாக்களிடம் இதைப் பெருமையோடு சொல்வேன். ஆனால் இந்த இலவசக் கல்வி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு பரீட்சையாக வாசல் வைத்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாற்றுத்திறனாளிகளுக்கு விசேட ஏற்பாடு இருக்கிறது, அது நல்ல விடயம். ஆனால் அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். கண்பார்வையற்ற, காது கேளாத, கால் இயலாத ஒரு பிள்ளை அந்த வாசலால் போகலாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை எந்த வாசலால் போவது? அங்கே கட்டணம் தடுக்கிறது. இங்கே கட்டணமே இல்லை, ஆனாலும் பிள்ளை வெளியில் நிற்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996லேயே வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை, உயர்கல்வியும் தொழிற்பயிற்சியும் வளர்ந்தோர் கல்வியும் வாழ்நாள் கற்றலும் பாரபட்சமின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறது. 'பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும்' என்று அதில் எழுதியில்லை.

இங்கே உழைப்பவர்களையும் மறக்கக்கூடாது. கோண்டாவிலில் 2004இலிருந்து சிவபூமி சிறப்புப் பாடசாலை இயங்கிவருகிறது. பல அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களின் பொறுமைக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் அந்த ஆசிரியர்களே என்னிடம் கேட்பதும் அதே கேள்விதான்: "நாங்கள் பழக்கி விடுறம். பதினாறு, பதினெட்டு வயதிலே வீட்டை போகுதுகள். இரண்டு வருடத்திலே பழகினது எல்லாம் மறந்துபோகுது. இனி எங்கே அனுப்பிறது?"

இதற்கு நூறு கோடி ரூபாய்க் கட்டடம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் நாட்டிலேயே ஒரு வாசல் அரைவாசி திறந்திருக்கிறது. தேசிய தொழில் தகைமை என்ற ஏழு மட்டங்களைக் கொண்ட ஒழுங்கு இருக்கிறது. அதன் ஆரம்ப மட்டங்களில், ஒரு வேலையைச் செய்து காட்ட முடிகிறதா என்பதே முக்கியம். வெதுப்பகம், தையல், நாற்றுமேடை, உணவு தயாரித்தல் போன்றவற்றில் ஒரு பிள்ளை மெதுவாகக் கற்றாலும் சரியாகக் கற்றால் செய்து காட்ட முடியும். பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அரச நிலையங்களில் கட்டணமும் பெரிய சுமை இல்லை. அப்படியானால் எது தடுக்கிறது?

ஊருக்கு வந்த இந்த மூன்று வாரங்களில் ஏழு தாய்மாரிடம் இதைக் கேட்டேன். அவர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், எவரும் கட்டணத்தைச் சொல்லவில்லை. பஸ்ஸில் தனியே அனுப்பப் பயம், ஓட்டோவுக்கு நாளாந்தம் கட்ட இயலாது என்றார்கள். கூடப்போய் இருந்தால் தங்கள் கூலிவேலை போகும் என்றார்கள். பயிற்சி நிலையத்தில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர், பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றார்கள். பெண்பிள்ளையை நம்பி எப்படி விடுவது என்று நான்கு பேர் கேட்டார்கள். இவைதான் எங்கள் ஊரில் உயர்கல்விக் கட்டணம். போக்குவரத்துக்கும், கூட நிற்கும் ஓர் ஆளுக்கும், திருப்பித் திருப்பிச் சொல்லும் நேரத்துக்கும்தான் காசு தேவைப்படுகிறது. பிரதேச செயலகம் மூலம் வரும் மாதாந்தக் கொடுப்பனவு, கிடைக்கிற வீட்டிலும் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது.

ஆகவே சங்கத்திடம் மூன்று விண்ணப்பங்கள்.

நூற்றாண்டு நிதி சேர்ந்துகொண்டிருக்கிறது. மண்டபத்துக்குக் கூரை போட வேண்டும், ஆய்வுகூடம் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் தேவைதான். அதில் ஒரு சிறு பங்கை, இந்த வட்டாரத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் பின் கற்பதற்கென ஒதுக்குங்கள். நாங்கள் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறோம். அதே மேடையில், அதே பெயரில் இதையும் கொடுங்கள். தருமம் என்று கொடுக்காமல் புலமைப்பரிசிலாகவே கொடுங்கள். முதல் இருவருக்கான போக்குவரத்துச் செலவையும் கூடப்போகும் ஒருவருக்கான கொடுப்பனவையும் இரண்டு வருடங்களுக்கு நானும் என் வகுப்புத் தோழியரும் ஏற்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வட்சப்பில் சரி என்று சொல்லிவிட்டார்கள். இங்கே இருப்பவர்கள் இனிமேல் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விண்ணப்பத்துக்குக் காசு தேவையில்லை. உங்களில் வெதுப்பகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். தையல் நிலையம், மருந்துக்கடை, முன்பள்ளி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு பிள்ளை வந்து பழக இடம் கொடுங்கள். அமெரிக்கத் திட்டங்களில் நான் கண்ட சிறந்த அம்சம் அந்தப் பயிற்சி வேலைதான். முதல் மாதம் உங்களுக்கு வேலை கூடும், குறையாது. அதை மறைக்கமாட்டேன். ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் நாள்தோறும் செய்ய விரும்பும் ஓர் ஆள் உங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்பது மூன்றாவது மாதத்தில் தெரியும்.

மூன்றாவது, உயர்தர மாணவிகளுக்கு. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உங்களுக்கு மாதக்கணக்கில் ஓய்வு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு வழித்துணையாகப் பஸ்ஸில் போய் வாருங்கள். முதலில் பக்கத்தில் இருங்கள், பிறகு பின் இருக்கையில் இருங்கள், பிறகு அடுத்த தரிப்பிடத்தில் நின்று பாருங்கள். அந்தப் பிள்ளை தனியே ஏறி, மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்கி, தனியே இறங்குகிற நாளில் நீங்கள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தியிருப்பீர்கள். வைத்தியபீடம் போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இதை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்த நான்கு ஒழுங்கைகளையும் தாண்டிப் போனேன். முப்பது வருடம் பிந்திப் போனேன். தாயாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. முழங்கால் நோ. என் தோழிதான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். தலை நரைத்திருக்கிறது. என்னை யார் என்று தாயார் சொல்வதற்கு முன்னால், "இருபத்திரண்டு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. இடாப்பில் என் இலக்கம் அது. பிறகு ஒன்றிலிருந்து தொடங்கி எங்கள் வகுப்பின் முப்பத்தொன்பது பெயர்களையும் ஒழுங்கு மாறாமல் சொன்னாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை, ஆசிரியர் தினமும் கூப்பிட்டதைக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். முப்பத்தோராவது இலக்கத்தில் தன் பெயரைச் சொல்லி, "பிரசன்னம் ரீச்சர்" என்றாள்.

நான் கிளம்பும்போது தாயார் வாசல்வரை வந்தார். "பிள்ளை, எனக்குப் பிறகு?" என்று மட்டும் கேட்டார். வைத்தியராகிப் பல வருடமாகிறது, நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தச் சங்கத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் செயலாளரிடம் தலைப்பை மாற்றச் சொன்னேன்.

அவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. பிந்திவிட்டது என்று சொல்லாதீர்கள். வாழ்நாள் கற்றல் என்றுதான் சமவாயத்தில் இருக்கிறது. புலமைப்பரிசில் பெறும் முதல் இருவரில் ஒருவராக அவள் பெயரை நான் முன்மொழிகிறேன். எங்கள் வகுப்புத் தோழியர் யாராவது வழிமொழியுங்கள்.

பழைய மாணவிகள் பட்டியலை நூற்றாண்டு மலருக்காகத் தொகுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பரீட்சை எழுதாமல் போனவர்களின் பெயர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இந்தக் கல்லூரியின் மாணவிகள்தான்.

இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது, செயலாளர் மன்னிக்க வேண்டும்.